மைட்டர் சா வாங்கப் போகிறீர்களா? முதலில் மரத்தை அளந்துவிட்டுப் போங்கள்

மைட்டர் சா வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன அறுக்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் வருகிற பதில், "ப்ளைவுட்ல ஒரு ஷெல்ஃப், அப்புறம் சின்னதா ஒரு கபோர்டு." சரி, அப்படியென்றால் மைட்டர் சாவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எட்டுக்கு நாலு ஷீட்டை இதில் அறுக்க முடியாது, பலகையை நீளவாக்கில் கிழிக்கவும் முடியாது. இது குறுக்கே அறுக்கிற மெஷின். நீளமான சட்டத்தையோ ரீப்பரையோ பீடிங்கையோ கேட்ட நீளத்துக்கு, கேட்ட கோணத்தில் வெட்டித் தரும், அவ்வளவுதான். அந்த ஒரு வேலையில் இதை அடித்துக்கொள்ள வேறு மெஷின் கிடையாது, அது வேறு விஷயம். ஷீட் வேலைதான் அதிகம் என்றால் நல்ல சர்குலர் சா ஒன்றும், அதை நேராக ஓட்ட ஒரு நீள அலுமினியப் பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டோ ஃப்ரேம், ஜன்னல் சட்டம், கதவு நிலை, கட்டில், பெஞ்ச், செடித்தொட்டி ஸ்டாண்டு, மொட்டை மாடிப் பந்தலுக்குச் சட்டம், இந்த மாதிரி கட்டை மரத்தில் வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் நானே அதில் மாட்டியவன். மைட்டர் சாவுக்கே சாப் சா என்றும் ஒரு பெயர் உண்டு, அதை நம்பிக் கடைக்குப் போன் செய்து "சாப் சா இருக்கா" என்று கேட்டேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் மேஜை மேல் 14 அங்குல இரும்பு கட்டிங் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. கேட் செய்கிற பட்டறைகளில் தீப்பொறி பறக்க ஆங்கிளையும் பைப்பையும் அறுக்கிறார்களே, அதேதான். அதில் போடுவது கல் மாதிரியான தேயும் வட்டு. பல் வைத்த மர பிளேடைப் போட்டு அதில் மரம் அறுக்கலாம் என்று சிலர் ஐடியா கொடுப்பார்கள், காதிலேயே வாங்காதீர்கள். மரத்தை ஒட்டி வைத்து அறுக்கிற நேரான பின்தடுப்பு, அதாவது ஃபென்ஸ், அதில் இல்லை, மேலே போனதும் பிளேடை முழுசாக மூடிக்கொள்கிற கார்டும் இல்லை. கடையில் "மைட்டர் சா, 10 இன்ச், மரத்துக்கு" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலுமினிய ஜன்னல் செய்கிறவர்களும் இதே 10 அங்குல மெஷினைத்தான் வைத்திருப்பார்கள் என்பதால், அலுமினியம் கட்டிங் மெஷின் என்றால் சில கடைகளில் சட்டென்று புரியும்.

இப்போது அளவு. 7¼, 8½, 10, 12 அங்குலம் என்று பிளேடை வைத்துத்தான் மெஷினுக்குப் பெயர் சொல்கிறார்கள். 10 அங்குலம் என்றதும் 10 அங்குலப் பலகையை அறுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அது பிளேடின் விட்டம். நடுவில் அச்சும் மோட்டாரும் அடைத்துக்கொள்வதால், சறுக்கு இல்லாத, அதாவது பிளேடும் மோட்டாரும் சேர்ந்த தலை முன்னும் பின்னும் ஓடாத, சாதாரண 10 அங்குல மெஷின் நேர் வெட்டில் சுமார் 130 மி.மீ. அகலம்தான் அறுக்கும், அதாவது 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதையே 45 டிகிரிக்குத் திருப்பினால் சுமார் 90 மி.மீ.க்கு இறங்கிவிடும். காரணம் எளிது. பலகையைச் சாய்வாக வெட்டும்போது பிளேடு கடக்க வேண்டிய தூரம் பலகையின் அகலத்தைப் போல 1.41 மடங்கு. 4 அங்குலப் பலகையை 45-இல் வெட்ட பிளேடு ஐந்தரை அங்குலத்துக்கு மேல் ஓட வேண்டும். ஆகவே பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கிற எண்ணைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பொடி எழுத்தில் 45 டிகிரிக்கு என்ன போட்டிருக்கிறது என்று தேடுங்கள். கதவைச் சுற்றி 4 அங்குலத் தேக்குப் பட்டை அடித்து மூலையில் நாற்பத்தைந்து சேர்க்கப் போகிற ஆளுக்கு, சறுக்கு இல்லாத 10 அங்குல மெஷின் ஏறக்குறைய அரை அங்குலம் பாக்கி வைத்துவிடும். அந்த அரை அங்குலத்தைக் கைவாளால் அறுப்பதற்கா அவ்வளவு காசு?

சறுக்கு இல்லாத 12 அங்குல மெஷின் நேர் வெட்டில் ஏறக்குறைய 8 அங்குலம் போகும். ஸ்லைடிங் என்று சொல்கிற சறுக்கு மெஷினில் தலை முன்னும் பின்னும் ஓடுவதால், 8½ அங்குல பிளேடு வைத்ததே 12 அங்குல அகலம் வரை அறுக்கும். விளம்பரத்தில் இந்த 12 அங்குலத்தைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். ஆனால் நம் ஊர் மர அளவுகளை வைத்துப் பார்த்தால் அகலத்தை விட உயரம்தான் காலை வாரும்.

கதவு நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கடையில் 5-க்கு 3 என்றோ 4-க்கு 3 என்றோ சட்டம் வாங்குகிறோம். 3 அங்குலம் என்றால் 76 மி.மீ. 8½ அங்குல சறுக்கு மெஷின்களின் உயரக் கொள்ளளவு 65, 70 மி.மீ. என்று நின்றுவிடும். அகலம் தாராளமாக இருக்கும், ஆனால் பிளேடு கீழ் வரைக்கும் இறங்காது. நாலு பக்கமும் இழைத்தபின் 3 அங்குலச் சட்டம் 70-க்குப் பக்கத்தில் வரும், அப்போது தொட்டும் தொடாமலும் நிற்கும். சாதாரண 10 அங்குல மெஷினில் 3 அங்குல உயரம் இறங்கும், ஆனால் அந்த உயரத்தில் 5 அங்குல அகலம் கிடைக்காது, ஏனென்றால் 130 என்று போட்டிருப்பது 70 மி.மீ. உயரத்துக்கான கணக்கு. மரம் உயர உயர அகலம் குறையும். 5-க்கு 3 நிலையை ஒரே அறுப்பில் முடிக்க 10 அங்குல சறுக்கு மெஷின் வேண்டும். அதன் விலையோ சாதாரணத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு.

வருஷத்துக்கு ஒரு நிலை செய்கிறவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஒரு பக்கம் அறுத்துவிட்டு, கட்டையைப் புரட்டிப் போட்டு மீதியை அறுக்கலாம். கட்டையின் நுனி முட்டி நிற்க ஒரு பக்கம் ஸ்டாப்பர் வைத்துவிட்டால் இரண்டு அறுப்பும் ஒரே கோட்டில் வரும், மயிரிழை படி தெரிந்தால் இழைப்புளியை இரண்டு தள்ளு தள்ளினால் போய்விடும். மெஷின் சரியாக 90-இல் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகையால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இரண்டே இரண்டு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த இரண்டு வருஷத்தில் நீங்கள் 45-இல் வெட்டப் போகிற மிக அகலமான பலகை, நேராக வெட்டப் போகிற மிகத் தடிமனான கட்டை. இந்த இரண்டும் எந்த மெஷினில் அடங்குகிறதோ அதில் மிகச் சின்னதுதான் உங்கள் மெஷின். பெரிதாக இருக்கட்டுமே, பின்னால் உதவும் என்று 12 அங்குலத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளேடு பெரிதாக ஆக அதன் விளிம்பில் ஆட்டம் கூடும், பிளேடின் விலை கூடும், மெஷினின் எடை கூடும். சாதாரண 10 அங்குலம் 11, 12 கிலோ இருக்கும், ஒருவரே தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். 12 அங்குல சறுக்கு மெஷின் 25 கிலோவைத் தாண்டும், வைத்த இடத்திலேயேதான் கிடக்கும்.

சறுக்கு மெஷினுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பல மாடல்களில் தலை ஓடுகிற தண்டு பின்னால் நீண்டு போகும், சுவரை ஒட்டிப் போட முடியாது. பால்கனியில் பட்டறை போடுகிறவர்கள் டேப்பை எடுத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். விலை குறைந்த சறுக்கு மெஷினில் அந்தத் தண்டுகளில் ஆட்டம் இருக்கும். ஆடுகிற சறுக்கு மெஷினை விட ஆடாத சாதாரண மெஷின் எவ்வளவோ மேல், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தலையைப் பக்கவாட்டில் சாய்த்து வெட்டுவதற்கு பெவல் என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் சாய்வது ஒரு வகை, இரண்டு பக்கமும் சாய்வது இன்னொரு வகை. நம் வீட்டு வேலைக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், மறுபக்கம் வேண்டுமென்றால் பலகையைத் திருப்பிப் போட்டால் ஆயிற்று. 45-இல் சாய்த்தால் அறுக்கும் உயரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதை மட்டும் ஞாபகம் வையுங்கள். மேடையைத் திருப்பும்போது அது டக்கென்று உட்காருவதற்கென்று சில மெஷின்களில் 31.6 டிகிரியில் ஒரு பள்ளம் இருக்கும், எதற்கென்று குழம்பாதீர்கள். அமெரிக்க வீடுகளில் சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் அடிக்கிற மரப் பட்டைக்கான கோணம் அது. நமக்கு அங்கே பிஓபி, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், வந்துவிடுகிறது.

கடையில் என்ன பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் முதல் மெஷின் வாங்கியபோது வாட்ஸும் லேசரும் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்தேன். வந்ததும் பாட்டியின் படத்துக்கு ஃப்ரேம். 3 அங்குலத் தேக்குப் பட்டை, நாலு துண்டு, எட்டு வெட்டு. மூன்று மூலை அழகாகச் சேர்ந்தது. நாலாவது மூலையில் சுண்டு விரல் நுனி நுழைகிற மாதிரி வாய் பிளந்து நின்றது. மரம் வளைந்திருக்கும், அளவு தப்பியிருக்கும் என்று ஒரு மாலை முழுக்க மரத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் மூலைமட்டத்தை எடுத்து ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையில் வைத்து, குனிந்து வெளிச்சம் பார்த்தார். "தம்பி, மரம் என்ன பண்ணும்? மெஷினே கோணலா நிக்குது" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வெட்டுக்கு அரை டிகிரி தப்பு என்றால் எட்டு வெட்டுக்கு 4 டிகிரி. மூன்று மூலையை ஒட்டிவிட்டால் அந்த நாலும் கடைசி மூலையில் வந்து சேரும், 3 அங்குலப் பட்டையில் அது 7 மி.மீ. இடைவெளி. நாலு மூலைக்கும் பங்கு பிரித்தாலும் மூலைக்கு 2 மி.மீ. கிட்ட வரும், மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாலும் தெரியும். நல்லவேளையாக இது சரி செய்யக் கூடிய தப்பு. ஃபென்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேடையை 0-இல் பூட்டி, பிளேடுக்குச் சரியாக 90-இல் ஃபென்ஸை நிறுத்தி மறுபடி இறுக்கினால், 45-உம் தானாக இடத்துக்கு வந்துவிடும். கோணப் பள்ளங்கள் மேடையில் வார்த்தவை, அவற்றுக்கு இடையிலான கணக்கு மாறாது. ஆகவே கோணல் இருக்கிறதா என்பதை விட, சரி செய்ய வழி இருக்கிறதா, சரி செய்தபின் நிற்குமா என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய கேள்வி.

கையில் ஒரு மூலைமட்டமும், இரண்டு ஓரமும் இணையாக இருக்கிற 4 அங்குல எம்டிஎஃப் துண்டு ஒன்றும் எடுத்துப் போங்கள். ஓட்டிக் காட்டச் சொன்னால் பல கடைகளில் காட்டுவார்கள். துண்டை 0-இல் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் ஃபென்ஸை ஒட்டிச் சேர்த்து வையுங்கள். வெட்டிய முகங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் மெஷின் நேர். ஆப்பு மாதிரி இடைவெளி தெரிந்தால், தெரிகிற தப்பு உண்மைத் தப்பைப் போல இரண்டு மடங்கு, அதனால் கண்ணுக்குத் தப்பாது. ஓட்டிக் காட்ட மாட்டோம் என்றால் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டுத் தலையைக் கீழே இறக்கி, கைப்பிடியை இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். மூட்டில் கட கட என்று உணர்வு வந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள், அது சரி செய்யக் கூடிய தப்பு இல்லை. மேடையைத் திருப்பி 45-இல் விடுங்கள், பள்ளத்தில் டக்கென்று உட்கார வேண்டும், உட்கார்ந்தபின் அசையக் கூடாது. ஃபென்ஸின் இரண்டு பாதியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். லேசர் கோட்டைக் கண்டுகொள்ளாதீர்கள், பகல் வெளிச்சத்தில் மங்கும், கொஞ்ச நாளில் நகரும். பிளேடின் நிழல் விழுகிற மாதிரி எல்இடி விளக்கு இருந்தால் அது உண்மையிலேயே உபயோகம், நிழல் எங்கே விழுகிறதோ அங்கேதான் பிளேடு இறங்கும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியப் பட்டறையில் இருந்து வருகிற 10 அங்குல மெஷின்கள் மலிவாகக் கிடைக்கும். நாள் முழுக்க 45-க்கும் 90-க்கும் திருப்பித் திருப்பி அந்தப் பள்ளங்கள் தேய்ந்திருக்கும். மோட்டார் நன்றாக ஓடும், கோணம் நிற்காது.

பாஷ், மகிட்டா, டிவால்ட் மூன்றில் எது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் ஊரில் எதற்குச் சர்வீஸ் இருக்கிறது, மோட்டாருக்குள் இருக்கிற கார்பன் பிரஷ் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று பாருங்கள். பிரஷ் தேய்கிற பொருள், மெஷினோடு ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். சின்ன ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன்தான் வழி என்றால், திருப்பி அனுப்பும் நாள் கணக்கு முடிவதற்குள் மேலே சொன்ன புரட்டல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மெஷினோடு வருவது பெரும்பாலும் பல் குறைந்த பிளேடு, வேகமாக அறுக்கும், ஓரத்தைப் பிய்க்கும். 10 அங்குலத்துக்கு 60 அல்லது 80 பல் கார்பைடு பிளேடு ஒன்று தனியாக வாங்குங்கள். பல் முன்னால் சாயாமல் நேராகவோ கொஞ்சம் பின்னால் சாய்ந்தோ இருப்பது நல்லது. நீளவாக்கில் கிழிக்கிற பிளேடில் பல் முன்னால் சாய்ந்து நிற்கும், அதை இதில் மாட்டினால் மரத்தைக் கவ்வி மேலே இழுக்கும். நடு ஓட்டை 25.4 மி.மீ., 30 மி.மீ. என்று இரண்டு அளவிலும் புழங்குகிறது, பழைய பிளேடைக் கையோடு எடுத்துப் போங்கள். பிளேடில் எழுதியிருக்கும் அதிகபட்ச ஆர்பிஎம் உங்கள் மெஷினின் ஆர்பிஎம்மை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். தேக்கில் சிலிக்கா உண்டு, பல் முனையை மெல்ல மெல்லத் தின்னும், சாணை பிடித்துப் பிடித்து ஓட்டலாம். பழைய நிலை, பழைய கட்டில் மரம் வாங்கி அறுப்பவர்கள் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கரண்ட். 1650 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. ஃபேன் சுவிட்ச் பக்கத்தில் இருக்கிற 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், கிரைண்டருக்கோ ஏசிக்கோ போட்ட 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் போடுவதானால் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றால், கூடாது. ஸ்டார்ட் செய்ததும் கை உதறுவது பிடிக்காதவர்கள் மெதுவாக வேகம் எடுக்கிற சாஃப்ட் ஸ்டார்ட் உள்ள மாடலாகப் பாருங்கள். பேட்டரியில் ஓடுகிறவையும் வந்துவிட்டன, சைட்டுக்குச் சைட்டு அலைகிறவர்களுக்கு நல்லது, வீட்டில் பிளக் இருக்கிறவருக்கு வீண் செலவு.

தூசி. கூட வருகிற துணிப்பை பாதிதான் பிடிக்கும், மீதி உங்கள் மூக்குக்கும் அடுத்த வீட்டுக் கொடித் துணிக்கும் போகும். மரத்தூள் வெறும் தும்மல் சமாச்சாரம் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. வாக்குவம் கிளீனர் மாட்டுகிற மாதிரி வாய் இருக்கிற மெஷினாகப் பாருங்கள், என்-95 மாஸ்க் போடுங்கள், கண்ணாடியும் காதடைப்பும் சேர்த்து.

லுங்கியோடு, தோளில் துண்டோடு இந்த மெஷின் முன்னால் நிற்கக் கூடாது. கையுறையும் கூடாது, பிளேடு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகு இறக்குங்கள், அறுத்து முடித்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நிற்கும்வரை கீழேயே வைத்திருந்து அப்புறம் தூக்குங்கள். இதைச் செய்யாததால்தான் வெட்டின துண்டு பறக்கிறது. கை பிளேடில் இருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், அதற்குள் வருகிற சின்னத் துண்டைக் கிளாம்ப் பிடிக்கட்டும். சறுக்கு மெஷினில் தலையை முன்னால் இழுத்து, கீழே இறக்கி, பின்னால் தள்ளி அறுக்க வேண்டும், உங்களை நோக்கி இழுத்துக்கொண்டே அறுத்தால் பிளேடு மரத்தின் மேல் ஏறி உங்கள் மேல் பாயும். வளைந்த சட்டம் என்றால் வெளிப்புறம் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும், அப்போதுதான் அறுபட அறுபட வாய் திறக்கும், மாறிப் போட்டால் பிளேடை நெருக்கிப் பிடிக்கும்.

இத்தனையும் படித்துவிட்டு, நம்ம மார்பிள் கட்டரில் மர பிளேடு போட்டு அறுத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். 12,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓடுகிற, ஒரு கையில் பிடிக்கிற மெஷின் அது. தச்சு வேலை செய்கிறவர்களின் கைகளைக் கவனித்துப் பாருங்கள், நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு கனமான பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இரண்டு பக்கமும் மெஷின் மேடையின் உயரத்துக்கே கட்டை கொடுங்கள். 7 அடி நிலைச் சட்டம் ஒரு பக்கம் தொங்கினால் எவ்வளவு நல்ல மெஷினும் கோணலாகத்தான் வெட்டும். ஒரே அளவில் பத்துத் துண்டு வேண்டுமென்றால் பக்கக் கட்டையில் ஒரு ஸ்டாப்பர் அடியுங்கள், அதன் அடியில் கொஞ்சம் இடம் விட்டு, இல்லாவிட்டால் தூள் சேர்ந்து ஐந்தாவது துண்டில் இருந்து அளவு குறையும்.

அப்புறம் பிளேடு மாற்றும்போது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நடு போல்ட்டைக் கழற்ற எந்தப் பக்கம் திருகுவது என்று மெஷினில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். பல மெஷின்களில் அது இடது மரை, கடிகாரம் சுற்றுகிற திசையில் திருகினால்தான் கழலும். நான் பழக்க தோஷத்தில் மறுபக்கம் திருகி, ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இன்னும் அழுத்தித் திருகி, போல்ட் தலையை மொழுக்கையாக்கி, அதைக் கழற்ற லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.